பிரிவினை ஆவணங்களைப் பார்க்கப் போகிறீர்களா? கண்காட்சிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

விக்டோரியா ஸ்திரீட்டில் இருக்கும் தேசிய நூலகக் கட்டடத்தின் 10ஆவது மாடியில் 'அல்பட்ராஸ் கோப்பு' கண்காட்சி 2025 டிசம்பரில் திறக்கப்பட்டது. 1964, 1965ஆம் ஆண்டுகளில் அப்போது சிங்கப்பூரின் நிதியமைச்சராக இருந்த டாக்டர் கோ கெங் சுவீ ரகசியமாகச் சேர்த்து வைத்த தாள்கள்தான் அந்தக் கோப்பு. மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் எப்படிப் பிரிந்தது என்பதை, அதைப் பேசி முடித்தவரின் கையெழுத்துக் குறிப்புகளிலிருந்தே தெரிந்துகொள்ள முடிகிறது.

ஆனால் இப்படிப்பட்ட கண்காட்சிகளில் ஒரு சிக்கல் உண்டு. பழுப்பேறிய தாள், தட்டச்சு எழுத்து, கீழே சில கையெழுத்துகள். நம்மில் பலர் கண்ணாடிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்று, ஒரு படம் எடுத்துக்கொண்டு, அடுத்த திரையில் ஓடும் காணொளிக்கு நகர்ந்துவிடுகிறோம். பிள்ளைகளைக் கேட்கவே வேண்டாம். ஆவணத்தைப் பார்ப்பது வேறு, படிப்பது வேறு. எப்படிப் படிப்பது, அதற்கு என்ன தயாரிப்பு வேண்டும், தமிழர்களான நாம் குறிப்பாக எதைத் தேடலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. ஒரே ஒரு தாளைத் தேடாதீர்கள்

ஒரு நாட்டின் பிறப்பு என்றால் ஒரே ஒரு பெரிய தாள் இருக்கும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். சிங்கப்பூருக்கு அப்படி ஒன்று இல்லை. சங்கிலியாக ஐந்து ஆவணங்கள் இருக்கின்றன. இந்த வரிசை மனத்தில் இருந்தால் கண்காட்சியில் எந்தத் தாளுக்கு முன்னால் நின்றாலும் குழப்பம் வராது.

முதலாவது, 1965 ஆகஸ்டு 7ஆம் தேதியிட்ட ஒப்பந்தம். மலேசிய அரசாங்கமும் சிங்கப்பூர் அரசாங்கமும் செய்துகொண்டது. ஆகஸ்டு 9 முதல் சிங்கப்பூர் மலேசியாவின் மாநிலமாக இருக்காது என்று சொல்வது இதுதான். இரண்டாவது, மலேசிய அரசமைப்பைத் திருத்தும் சட்டம். ஆகஸ்டு 9 அன்றே நாடாளுமன்றத்தின் மக்களவையில் 126 வாக்குகள் ஆதரவாக விழ, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லாமல் நிறைவேறியது. மூன்றாவதும் நான்காவதும் பிரகடனங்கள். ஒன்று மலேசியப் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானுடையது, மற்றது சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் இயூவினுடையது. நாம் தேசிய தினத்தில் கேட்டுப் பழகியது இந்த நான்காவதைத்தான்.

ஐந்தாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1965 டிசம்பர் 22ஆம் தேதி சிங்கப்பூர் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சிங்கப்பூர்க் குடியரசு சுதந்திரச் சட்டம். ஆகஸ்டு 9 முதல் நடப்புக்கு வந்ததாகப் பின்தேதியிட்டு இயற்றினார்கள். பிரகடனம் நாட்டை அறிவித்தது. நாட்டை நடத்துவதற்கான சட்டத்தைத் தந்தது இதுதான். என்னைக் கேட்டால், தமிழர்கள் முதலில் தேட வேண்டிய ஆவணமும் இதுவே. காரணம் பின்னால் வருகிறது.

2. போவதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டியது

நீண்ட வரலாற்றுப் பாடம் தேவையில்லை. ஆனால் சில தேதிகள் தெரியாமல் போனால் தாள்கள் பேசாது. இரவு சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளோடு பேசிவிடலாம்.

1963 செப்டம்பர் 16: மலாயா, சிங்கப்பூர், சபா, சரவாக் சேர்ந்து மலேசியா உருவானது. 1964 ஜூலையிலும் செப்டம்பரிலும் இனக் கலவரங்கள். இரண்டிலும் சேர்த்து 36 பேர் இறந்தார்கள். 1965 மார்ச் 10: மலேசியா உருவானதை எதிர்த்து இந்தோனீசியா எடுத்த நடவடிக்கையின்போது ஆர்ச்சர்ட் ரோட்டில் மெக்டானல்ட் ஹவுஸில் குண்டு வெடித்து மூவர் பலி. இவற்றுக்கு நடுவே பொதுச் சந்தை (மலேசியா முழுவதற்கும் சுங்கத் தடையில்லாத வணிகம்) எப்போது வரும், சிங்கப்பூர் மத்திய அரசுக்கு எவ்வளவு வருமானம் கொடுக்க வேண்டும் என்ற பணச் சண்டையும் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் கோ நிதியமைச்சர். அவருடைய குறிப்புகளைப் படிக்கும்போது இந்தப் பணச் சண்டையை மறந்துவிட வேண்டாம். மேடைப் பேச்சுகளில் இனம், மொழி, உரிமை என்றெல்லாம் கேட்கிறோம். அறைக்குள் பேசியவர்களின் கவலையில் கணக்கும் இருந்தது.

ஒப்பந்தத்தையும் டிசம்பர் சட்டத்தையும் முன்கூட்டியே படிக்க விரும்பினால் சிங்கப்பூர்ச் சட்டங்களுக்கான அரசாங்க இணையத்தளத்தில் அரசமைப்பு ஆவணங்கள் பகுதியில் இலவசமாகக் கிடைக்கும். ஆங்கிலத்தில்தான் இருக்கும், ஒப்பந்தம் சில பக்கங்கள்தான். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளை இருந்தால் அவர் கையில் கொடுத்து, "இதில் நீ ஆச்சரியப்பட்ட ஒரு வரியைக் கோடு போட்டுக் கொண்டு வா" என்று சொல்லுங்கள். கண்காட்சியில் அதே வரியைத் தேடிப் பிடிக்கும் ஆர்வம் தானாக வரும்.

3. யாரை அழைத்துப் போவது, எப்போது போவது

வீட்டில் 1965ஐ நினைவு வைத்திருக்கும் தாத்தா பாட்டி இருந்தால், அவர்கள்தான் உங்கள் முதல் விருந்தினர். வாசிக்க அவர்களுக்குச் சிரமமாக இருக்கலாம். பழைய தாள்கள் வெளிச்சத்தில் மங்கிப்போகும் என்பதால் இத்தகைய அறைகளில் விளக்கை மங்கலாக வைப்பார்கள். காகிதப் பொருள்களுக்கு 50 லக்ஸ் அளவு ஒளி என்பதுதான் அருங்காட்சியகங்களின் பொது வழக்கம். வாசிப்புக் கண்ணாடியை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியின் டார்ச்சை ஆவணத்தின் மீது அடிக்காதீர்கள். பிளாஷ் போட்டுப் படம் எடுக்கவும் வேண்டாம்.

வார நாள் காலையில் போனால் நிம்மதியாகப் பார்க்கலாம். பள்ளி விடுமுறை வாரங்களில் கூட்டம் அதிகம். நுழைவு நேரத்தை முன்பதிவு செய்ய வேண்டுமா, வழிகாட்டியோடு சுற்றிப் பார்க்கும் நேரம் எப்போது என்பதைத் தேசிய நூலக வாரியத்தின் தளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பூகிஸ் எம்ஆர்டியிலிருந்து நடந்தே போய்விடலாம். முதியவர்கள் உடன் வந்தால் நடுவில் உட்கார்ந்து போகுமாறு திட்டமிடுங்கள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் கடைசி அறையில் எல்லாரும் களைத்திருப்பார்கள். பெரும்பாலும் முக்கியமானவை அங்கேதான் இருக்கும்.

4. ஒரு தாளுக்கு முன்னால் நிற்கும்போது

எந்த ஆவணமானாலும் வாசகத்தைத் தொடங்குமுன் நான்கு விஷயங்களைப் பாருங்கள். இது மூலமா, நகலா? (பக்கத்துக் குறிப்பில் எழுதியிருப்பார்கள், நகல் என்றால் ஏமாற்றம் வேண்டாம், மூலத்தைக் காப்பாற்றத்தான் அப்படி வைக்கிறார்கள்.) தேதி என்ன? யார், யாருக்கு எழுதியது? கையால் எழுதியதா, தட்டச்சா? வாசகம் அதற்குப் பிறகுதான்.

இதில் தேதிதான் மிக முக்கியம். ஓர் உதாரணம் சொல்கிறேன். மலேசிய அரசமைப்பு ஏற்பாடுகளை மாற்றுவது குறித்துத் துன் அப்துல் ரசாக், டாக்டர் இஸ்மாயில் போன்ற மத்திய அமைச்சர்களோடு பேச டாக்டர் கோவுக்கு அதிகாரம் தரும் கடிதம் ஒன்றை லீ குவான் இயூ தம் கைப்பட எழுதிக் கொடுத்தார். அதன் தேதி 1965 ஜூலை 26. ஆனால் டாக்டர் கோ அந்தத் தலைவர்களோடு பேசத் தொடங்கியது அதற்கு முன்பே, ஜூலை மாத நடுவில். அதிகாரக் கடிதத்துக்கு முன்பே பேச்சு! இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கேள்வி பிறக்கிறது: இந்தக் கடிதத்தை யார், எதற்காகக் கேட்டிருப்பார்கள்? பதில் சொல்லிவிட்டால் சுவாரசியம் போய்விடும், நீங்களே அங்கே தேடுங்கள்.

இங்கேதான் பள்ளிப் பாடத்தில் படித்த கதையோடு ஆவணம் கொஞ்சம் முட்டுகிறது. 'மலேசியா நம்மை வெளியேற்றியது' என்று கேட்டு வளர்ந்தவர்கள் பலர். பிரிந்துவிடலாம் என்று சிங்கப்பூர்த் தரப்பிலிருந்தே ஒருவர் பேசி முடித்ததைக் கோப்பு காட்டுகிறது. தளர்வான கூட்டாட்சி ஒன்றுக்கு முயலுமாறு லீ கேட்டிருந்தும், முழுப் பிரிவே வழி என்று டாக்டர் கோ முடிவுக்கு வந்தார் என்பது அவருடைய நேர்காணல்களிலிருந்தே தெரியும். அதனால் வெளியேற்றம் என்ற சொல் பொய்யாகிவிடாது. துங்கு முடிவெடுத்தது உண்மை, சிங்கப்பூர் அமைச்சர்கள் சிலர் கடைசி நிமிடம் வரை எதிர்த்ததும் உண்மை. இரண்டு உண்மைகளையும் ஒரே நேரத்தில் பிள்ளைகளுக்குச் சொல்வதில் தவறில்லை. இளையவர்களுக்கு அது நன்றாகவே புரியும்.

5. கையெழுத்துப் பக்கத்தில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்

பல கண்காட்சிகளில் மக்கள் கடந்துபோகும் பக்கம் இது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

ஆகஸ்டு 7 ஒப்பந்தத்தில் மலேசியத் தரப்பில் துங்கு, துன் ரசாக், டாக்டர் இஸ்மாயில், டான் சியூ சின், வீ.தி. சம்பந்தன் ஆகியோர் கையெழுத்திட்டார்கள். சிங்கப்பூர்த் தரப்பில் அமைச்சரவையின் பத்துப் பேரும்: லீ குவான் இயூ, டோ சின் சாய், கோ கெங் சுவீ, இ.டபிள்யூ. பார்க்கர், எஸ். ராஜரத்தினம், ஒஸ்மான் வோக், லிம் கிம் சான், ஓங் பாங் பூன், யோங் நியுக் லின், ஜெக் இயுன் தோங்.

இந்தப் பட்டியலைத் தமிழ்க் கண்ணால் பாருங்கள். மலேசிய வரிசையில் சுங்கை சிப்புட்டிலிருந்து வந்த, மஇகா (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் சம்பந்தன். சிங்கப்பூர் வரிசையில் யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்த ராஜரத்தினம். ஒரே தாளின் இரண்டு பக்கங்களிலும் தமிழர்கள். அன்றைக்கு நம்மவர்களின் குடும்பங்கள் எல்லைக்கு இருபுறமும் பரவியிருந்தன. அண்ணன் ஜோகூரிலும் தம்பி சிராங்கூன் ரோட்டிலும் இருந்த வீடுகள் இப்போதும் உண்டு. அந்தப் பிரிவு கையெழுத்துப் பக்கத்திலேயே தெரிகிறது.

கையெழுத்துகள் ஒரே மேசையில் ஒரே நேரத்தில் விழுந்தவை அல்ல. 6ஆம் தேதி இரவு கோலாலம்பூரில் தாள்கள் தயாராகி, நள்ளிரவுக்குப் பிறகு டாக்டர் கோவும் பார்க்கரும் மலேசியத் தலைவர்களோடு கையெழுத்திட்டார்கள். டோ சின் சாயும் ராஜரத்தினமும் 7ஆம் தேதி காரில் கோலாலம்பூர் வந்து சேர்ந்தபோது இருவருக்கும் பிரிவில் துளியும் விருப்பமில்லை. துங்குவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார் டோ. பார்க்க முடியவில்லை, வேறு வழியில்லை என்று துங்கு எழுதிய கடிதம்தான் வந்தது. அதன் பிறகே இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒரே பக்கத்தில் வரிசையாக இருக்கும் பெயர்களைப் பார்க்கும்போது எல்லாரும் ஒரே மனத்தோடு இட்டதாகத் தோன்றும். இந்தக் கதை தெரிந்தவர்களுக்கு அப்படித் தோன்றாது.

ஒப்பந்தத்தை வரைந்தவர் சட்ட அமைச்சர் பார்க்கர். அதற்கு முன் உடைந்த கூட்டாட்சிகளின் ஆவணங்களை முன்மாதிரியாகத் தேடிப் படித்தவர். அவசரத்தில் எழுதப்பட்ட தாள்தான், ஆனால் ஒரு விஷயத்தில் அவசரம் இல்லை: தண்ணீர். 1961, 1962ஆம் ஆண்டுகளில் ஜோகூரோடு செய்த தண்ணீர் உடன்பாடுகளை ஜோகூர் அரசாங்கம் மதித்து நடக்கும் என்று மலேசியா உத்தரவாதம் தருகிறது. அது எங்கே இருக்கிறது தெரியுமா? முதல் பக்கத்தில் இல்லை. 'ஆ' இணைப்பாக வைத்த சட்ட முன்வடிவின் 14ஆம் பிரிவில். கண்காட்சியில் இணைப்புகளைத் திருப்பிக் காட்டும் திரை இருந்தால் அதைத் தவறவிடாதீர்கள். 1962 உடன்பாடு 2061 வரை நீடிப்பதால் இந்தச் சின்னப் பிரிவு இன்றைக்கும் செய்தித்தாளில் அடிபடுகிறது.

6. பிரகடனத்தைப் படிக்கும் முறை

லீயின் பிரகடனம் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். முக்கால்வாசி, 'இவ்வாறு இருப்பதால், இவ்வாறு இருப்பதால்' என்று காரணங்களை அடுக்கும் சட்ட நடை. அங்கே பொறுமை இழந்து கடைசி வாக்கியத்துக்குத் தாவாதீர்கள். மலேசியா உருவானது, 7ஆம் தேதி ஒப்பந்தம், துங்குவின் பிரகடனம் என்று முந்தைய ஆவணங்களை ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டி, அவற்றின் மேல் நின்றுகொண்டு அது பேசுகிறது. முதல் படியில் சொன்ன சங்கிலியைப் பிரகடனமே உங்களுக்கு நினைவூட்டும்.

கடைசி வாக்கியத்தில் சுதந்திரம், நீதி ஆகிய கொள்கைகளின் மீது நாடு அமைவதாகவும், மேலும் நியாயமான, சமத்துவமான சமுதாயத்தில் மக்களின் நலனையும் மகிழ்ச்சியையும் எந்நாளும் நாடும் என்றும் வருகிறது. அன்று காலை 10 மணிக்கு வானொலியில் இதை வாசித்தவர் லீ அல்ல, ஓர் அறிவிப்பாளர். லீ கண் கலங்கிப் பேச்சை நிறுத்திய செய்தியாளர் சந்திப்பு நண்பகலில் நடந்தது. நம் நினைவில் இரண்டும் கலந்து ஒரே காட்சியாகிவிட்டன. பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் 'லீ அழுதுகொண்டே பிரகடனம் படித்தார்' என்பார்கள்.

7. தமிழ் எங்கே இருக்கிறது?

பிரகடனத்தைத் தலைகீழாகப் புரட்டினாலும் மொழியைப் பற்றி ஒரு சொல்கூட இருக்காது. ஒப்பந்தத்தின் முக்கிய விதிகளில் தற்காப்பு, பொருளியல் ஒத்துழைப்பு என்று போகும். அங்கேயும் தமிழ் இல்லை. நான் மேலே சொன்ன ஐந்தாவது ஆவணத்துக்கு வாருங்கள்.

1965 டிசம்பர் சட்டத்தின் 7ஆம் பிரிவு மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கையும் அதிகாரத்துவ மொழிகள் என்கிறது. தேசிய மொழி மலாய். இன்று அரசமைப்பில் இது 153ஏ விதி. எம்ஆர்டி அறிவிப்பில் தமிழ் கேட்பதும், நாடாளுமன்றத்தில் உறுப்பினர் தமிழில் பேச முடிவதும் இந்தச் சில வரிகளோடு தொடர்புடையவை. சட்டமன்றத்தில் பல மொழிகளில் பேசும் ஏற்பாடு 1965க்கு முன்பே வந்துவிட்டது உண்மைதான். ஆனால் புதிய நாடு தன் சொந்தச் சட்டத்தில் அதை எழுதி வைத்தது இங்கேதான்.

அதே சமயம் இன்னொன்று நடந்தது. சிறுபான்மையினரின் உரிமைகளை அரசமைப்பில் எப்படிக் காப்பது என்று ஆராய ஒரு குழுவை அமைத்தார்கள். தலைமை நீதிபதி வீ சோங் ஜின் தலைமையில் 1966இல் அது அறிக்கை தந்தது. சிறுபான்மையினர் நலனைக் கவனிக்கும் அதிபர் மன்றத்துக்கு வித்திட்டது அந்த அறிக்கை. அரசமைப்பைப் பற்றிப் பேசும்போது நம் கூட்டங்களில் இதை அதிகம் கேட்பதில்லை. தாய்மொழி வகுப்புக்கு எத்தனை மணி நேரம் என்று சண்டை போடுகிறோம், அந்தச் சண்டைக்கான அடித்தளத் தாளைப் படிப்பதில்லை!

8. அதே நாளில் இன்னும் ஓர் இடம்

தெம்பிருந்தால் சிட்டி ஹால் எம்ஆர்டி பக்கம் போய்த் தேசியக் கலைக்கூடத்துக்குள் நுழையுங்கள். பழைய நகர மண்டபமும் பழைய உச்ச நீதிமன்றமும் சேர்ந்த கட்டடம் அது. ஓவியங்களுக்காகப் போகிறவர்கள் நகர மண்டபக் கூடத்தைக் கவனிக்க மறந்துவிடுகிறார்கள். 1945 செப்டம்பர் 12 அன்று ஜப்பானியர் சரணடைந்த ஆவணம் கையெழுத்தானது அங்கே. 1959 ஜூனில் முதல் தன்னாட்சி அமைச்சரவை பதவியேற்றதும் அங்கேதான். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நிரந்தரக் காட்சிக்கூடங்கள் இலவசம்.

9. வீட்டுக்கு வந்த பிறகு

இரண்டு வேலைகள் இருக்கின்றன.

ஒன்று, வாய்மொழி வரலாறு. தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தில் வாய்மொழி வரலாற்று நிலையத்தின் ஒலிப்பதிவுகள் உள்ளன. நிலையம் 1979இல் தொடங்கியது. தமிழில் பேசியவர்களின் பதிவுகளும் உண்டு. தேடலில் மொழியைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பதிவு நீளமாக இருந்தால் எல்லாவற்றையும் கேட்க வேண்டியதில்லை. ஒவ்வொரு சுருளுக்கும் இருக்கும் பொருள் குறிப்பைப் பார்த்து 1965ஐப் பற்றிப் பேசும் இடத்துக்குப் போகலாம். தமிழ் முரசின் பழைய இதழ்கள் தேசிய நூலக வாரியத்தின் செய்தித்தாள் இணையக் காப்பகத்தில் உள்ளன. வீட்டிலிருந்து திறக்காத இதழ்கள் இருந்தால், நூலகக் கணினியில் முயன்று பாருங்கள்.

மற்றது, உங்கள் வீட்டு அலமாரி. 1957 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு ஆயிரக்கணக்கான இந்தியர்கள் குடிமக்களாகப் பதிந்துகொண்டார்கள். பதியும்படி தமிழர்களை வற்புறுத்தி எழுதியவர், பேசியவர் தமிழ் முரசின் கோ. சாரங்கபாணி. உங்கள் தாத்தாவின் குடியுரிமைச் சான்றிதழ், பழைய அடையாள அட்டை, கப்பல் பயணச்சீட்டு, மலாயா கடப்பிதழ் ஏதாவது ஒரு பிஸ்கட் டின்னில் கிடக்கும். அவற்றை எடுத்து, கண்காட்சியில் செய்ததுபோலவே தேதி, கையெழுத்து, யார் கொடுத்தது என்று பாருங்கள். சான்றிதழின் தேதி 1963க்கு முந்தையதா, 1965க்குப் பிந்தையதா என்பதிலேயே ஒரு குடும்பத்தின் முடிவு தெரிந்துவிடும்.

அந்தத் தாள்களை லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது. அமிலமில்லாத காகித உறைகளில் போட்டு, ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வையுங்கள். இரண்டு பக்கங்களையும் படமெடுத்து, யாருடையது, எந்த ஆண்டு என்று கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். தாத்தா இருந்தால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கைப்பேசியில் குரல் பதிவை ஓடவிட்டு, "இதை எங்கே வாங்கினீங்க தாத்தா, யார் கூடப் போனீங்க?" என்று கேட்டுத் தொடங்கலாம். ஆகஸ்டு 9 காலை அவர் எங்கே இருந்தார், வானொலியில் கேட்டாரா, அல்லது வேலையிடத்தில் யாரோ சொல்லித்தான் தெரிந்ததா என்பதையும் கேட்டுவிடுங்கள்.